பெண் பெயர்கள் – 9: இசக்கியம்மாள்

தாமிரபரணிக் கரையிலும் நாஞ்சில் நாட்டிலும் இசக்கியம்மாள் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. இசக்கித்தாய், இசக்கியம்மை, வெறும் இசக்கி என்றும் இடுவார்கள். ஆண்பிள்ளையானால் இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி. ஊரைத் தாண்டினால் இந்தப் பெயருக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. பேய்க்கதையில் வரும் பெயர், பட்டிக்காட்டுப் பெயர் என்ற எண்ணம் வெளியே பரவியிருக்கிறது. படிக்கவும் வேலைக்கும் வெளியூர் போகும் பெண்கள் சிலர் அதைச் சுருக்கிக்கொள்கிறார்கள், சிலர் மாற்றியே விடுகிறார்கள். இந்த வாரம் நான் நிறுவ விரும்புவது இதுதான்: தமிழ்ப் பெண்கள் இன்றும் தாங்கி நிற்கும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று இசக்கி, அதை நிலைக்க வைத்தது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தாய்மாரின் வேண்டுதல்.

முதலில் பெயரின் வழியைப் பார்ப்போம். வடமொழி யக்ஷி தமிழில் இயக்கி ஆனாள். இயக்கி பேச்சில் இசக்கி ஆனாள். உயிர் உசுரு ஆவதும், உயரம் ஒசரம் ஆவதும், அயர்ந்தவர் அசந்துபோவதும் இதே முறையில்தான். இயக்கி வழிபாடு எவ்வளவு பழையது என்பதற்குச் சிலப்பதிகாரமே சாட்சி. மதுரையின் புறநகரில் இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் இடைக்குல மூதாட்டி மாதரி கவுந்தியடிகளைக் காண்கிறாள். அவளிடம்தான் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இயக்கியை வணங்குபவள் அரசியோ வணிகர் மகளோ அல்லள். மோர் விற்கும் குலத்துப் பெண். கவுந்தியோ சமணத் துறவி. சமணம் போற்றிய தெய்வத்தை உழைக்கும் பெண்கள் தங்கள் தெய்வமாக அன்றே ஏற்றிருந்தார்கள்.

சமணத்தில் இயக்கியர் தீர்த்தங்கரர்களின் காவல் தெய்வங்கள். அவர்களில் பெருஞ்செல்வாக்குப் பெற்றவள் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் இயக்கியான அம்பிகா. கழுகுமலைப் பாறையிலும் குமரி மாவட்டத்துச் சிதறால் மலையிலும் அவள் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. சிதறாலில் அவள் அருகே சிங்கமும் இரண்டு சிறு உருவங்களும் நிற்கின்றன. சமண மரபில் அம்பிகா இரு பிள்ளைகளின் தாய். இனி, தெற்கத்தி இசக்கியம்மன் கோயில்களுக்கு வருவோம். அம்மன் இடுப்பிலோ கையிலோ பிள்ளையோடு நிற்பாள். பிள்ளை வரம் கேட்டவர்கள் மண்ணால் செய்த குழந்தை உருவத்தையும் தொட்டிலையும் நேர்ச்சையாகச் செலுத்துவார்கள்; பிறந்த பிள்ளைக்கு அம்மன் பெயரையே இடுவார்கள். சிதறால் குகைக்கோயில் பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியது. சமயம் மாறியும் தாய்த்தெய்வம் அங்கிருந்து போகவில்லை. பெயரும் அப்படித்தான் தங்கியது.

இதற்கு மறுப்பு உண்டு. வில்லுப்பாட்டில் வரும் இசக்கி, கொலையுண்டு, பழிவாங்கத் திரும்பி வந்து, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக மாற்றி இடுப்பில் ஏந்தி வருபவளாயிற்றே, பழையனூர் நீலியின் கதைதானே அது, அப்படிப்பட்டவள் பெயரைப் பெண்பிள்ளைக்கு இடலாமா என்று கேட்பார்கள். கதையை முழுதாகக் கேட்டால் பதில் அதிலேயே இருக்கிறது. நகைக்கு ஆசைப்பட்டவன் நம்பி வந்தவளைக் கொல்கிறான். ஊர் கோயில் எடுத்தது கொல்லப்பட்டவளுக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகே முப்பந்தலில் இன்றும் வண்டியை நிறுத்திக் காசு போட்டுவிட்டுப் போகிறவர்கள் வழித்துணை கேட்பது அவளிடம்தான். அநியாயமாகச் செத்த பெண்ணின் பக்கம் நின்று, அவளைக் காவலுக்கு அழைத்த மக்களின் நீதியுணர்வு அந்தப் பெயரில் இருக்கிறது. அச்சம் அதில் ஒரு பங்குதான்.

வேர் வடமொழி, வந்த வழி சமணம், இதைத் தமிழ்ப் பெயர் என்று எப்படிக் கொண்டாடுவது என்ற கேள்வியும் எழும். யக்ஷி என்ற பெயர் எங்கும் உண்டு. இசக்கி என்ற பெயரைத் தந்தது இந்த மண்ணின் நாக்கு. ஓலைச்சுவடியில் எழுதிப் பாதுகாத்த பெயரன்று அது. வயற்காட்டிலும் கொடைவிழாவிலும் கூப்பிட்டுக் கூப்பிட்டே உருண்டு திரண்ட பெயர். பல சமூகத்தாருக்கும் பொதுவாக இருப்பதும், பெண்ணுக்கும் ஆணுக்கும் இடப்படுவதும் அதற்குக் கூடுதல் பெருமை. ஆண்பிள்ளைக்குப் பெண் தெய்வத்தின் பெயரை முன்னால் வைத்து அழைக்கத் தயங்காத வழக்கம் இது.

பிள்ளைக்கு என்ன பெயரிடுவது என்பது பெற்றோரின் உரிமை; புதுப்பெயர் வைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஏற்கெனவே இந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் பெண், வகுப்பறையிலோ அலுவலகத்திலோ அதைச் சொல்லக் கூசும்படி செய்பவர்கள் நாம். சிரிக்கும் ஆசிரியரும் முகம் சுளிக்கும் அதிகாரியும் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். இசக்கியம்மாள்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பெயரை முழுதாகச் சொல்லுங்கள், முழுதாக எழுதுங்கள். மாதரி பால்சோறு படைத்த தெய்வத்தின் பெயர் அது.

(அடுத்த வாரம்: காந்திமதி)