சிறுகுழல் துவக்கும் குறிபார்க்கும் கலையும்

யாழ்ப்பாணத்தில் துவக்கு என்னும் சொல் விளையாட்டை நினைவூட்டுவதன்று. முன்னாளில் அது வன்னிக்காட்டு வேட்டையைக் குறித்தது. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் பின்னரோ அச்சத்தையும் இழப்பையுமே குறித்து நிற்கின்றது. எனினும், உயிர் எதனையும் குறியாகக் கொள்ளாது, தாளில் அச்சிட்ட கரும்புள்ளியை மாத்திரமே குறியாகக் கொள்ளும் துவக்கும் உலகில் உண்டு. அதன் இயல்பு யாது, குறைந்த செலவில் அதனைப் பயில விரும்புவோர் எதனைத் தெரிதல் வேண்டும், அதனால் எய்தும் இன்பம் எத்தகையது என்பன ஈண்டு ஆராயப்படும்.

இக்கலை எளியோரையும் எய்தியமைக்குக் காரணம் தோட்டாவின் சிறுமையேயாம். இன்று உலகெங்கும் வழங்கும் 0.22 அங்குல நீள்றைபிள் தோட்டாவை அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தார் 1887ஆம் ஆண்டில் ஆக்கினர். பற்றுமருந்து தோட்டாவின் அடிவிளிம்பினுள்ளேயே அடங்கியிருத்தலால் அதனைச் செய்தல் எளிது, விலையும் குறைவு. பழைய போர்வீரரின் 0.303 றைபிளின் சன்னம் ஏறத்தாழ 11 கிராம் நிறையுடையது. இதன் சன்னமோ 2.6 கிராம் அளவினதே. 1901ஆம் ஆண்டில், தென்னாபிரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பொதுமக்களுஞ் சிறுசெலவிற் சுடப் பழகவேண்டுமென்று இங்கிலாந்தில் சிறு றைபிள் கழகங்களின் சங்கமொன்று நிறுவப்பட்டது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சிறுகுழல் றைபிட் போட்டிகள் இடம்பெற்றன. போருக்கு ஆயத்தஞ் செய்யப் பிறந்த பழக்கம் இவ்வாறு போரினின்றும் பிரிந்து விளையாட்டாயிற்று.

இதனினும் மலிவானது காற்றுத் துவக்கு. இதற்கு வெடிமருந்து வேண்டுவதில்லை. அமுக்கப்பட்ட காற்றே 4.5 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ அரைக் கிராம் நிறையுமுள்ள ஈயச் சன்னத்தைச் செலுத்துகின்றது. சென்னை மெரீனாக் கடற்கரையிற் பலூன் சுடுவோர் கையிற் காணப்படுவதும் இவ்வினத்ததே. ஆயினும் இதனைச் சிறுவர் விளையாட்டென்று இகழ்தல் தகாது. காற்று றைபிள் 1984ஆம் ஆண்டிலும், காற்றுப் பிஸ்டல் 1988ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டன.

றைபிளைத் தெரிவதா, பிஸ்டலைத் தெரிவதா என்பது அடுத்த வினா. பத்து மீற்றர்ப் போட்டியிற் பத்துப் புள்ளிக்குரிய இடம் றைபிளுக்கு அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள பொட்டு, பிஸ்டலுக்கோ 11.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம். இவ்வேறுபாடே பிஸ்டலின் அருமையை உணர்த்தும். றைபிளைத் தோளும் இரு கைகளும் தாங்குகின்றன; பிஸ்டலை நீட்டிய ஒரு கையே தாங்குகின்றது. மேலும், பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் 30 சதமமீற்றராயின், அவை ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீற்றர் விலகினும் பத்து மீற்றரில் சன்னம் 33 மில்லிமீற்றர் விலகும். றைபிளில் அவ்விடைத்தூரம் 75 சதமமீற்றராயின் விலகல் 13 மில்லிமீற்றரே. ஆதலின், தொடங்குவோர்க்கு றைபிளே ஏற்றது.

வாங்குவோர் வலிமையை நோக்குதல் வீண். தாளைத் துளைக்கப் பெருவலிமை வேண்டியதில்லை. நோக்கவேண்டியவை மூன்று. முதலாவது, துவக்கின் கட்டை உடலுக்குப் பொருந்துதல்: கன்னத்தை வைத்தவுடன் கழுத்தை வளையாமலே கண் பின்குறிக்கு நேரே வருதல் வேண்டும். இரண்டாவது, விசை: இழுக்குந்தோறும் ஒரே அழுத்தத்தில், தயக்கமின்றி விடுபடல் வேண்டும். மூன்றாவது, நுண்ணிதாகத் திருத்தி நிறுத்தத்தக்க குறிகள். வில்லால் இயங்குங் காற்றுத் துவக்குக்கு வாயுக் கலமோ பம்போ வேண்டுவதில்லை. ஆதலின் அது சிக்கனமானது. ஆனால், சன்னம் குழலை விட்டு நீங்குமுன்னரே அதன் உள்முசலம் துள்ளுதலால், சுட்ட பின்னுஞ் சிறிதுநேரம் அசையாது நிற்கப் பழகுதல் இன்றியமையாதது.

இனி, இன்பம் எங்குளது? பெரிய துவக்கின் ஓசையும் உதைப்பும் பயில்வோனின் பிழையை மறைக்கின்றன. அவன் உதைப்பை எதிர்பார்த்துக் கண்ணை மூடுகின்றான். விசையை வெடுக்கென்று இழுக்கின்றான். பின்னர்த் துவக்கைக் குறைகூறுகின்றான். சிறுகுழற் றுவக்கோ அவனுக்குப் போக்கிடந் தருவதில்லை. மூச்சைச் சிறிது வெளிவிட்டு நிறுத்தி, முன்குறியிற் கண்ணை நாட்டி, விரலை மெல்ல இறுக்கினால் தாளில் துளை நடுவே விழும். சற்றே பதறினும் அப்பதற்றம் தாளிற் பதிவாகும். பறவையின் தலையொழிந்த மரத்தையும் கிளையையுங் காணாத மாணாக்கனையே துரோணர் உவந்தாரென்பது பாரதக் கதை. அம்மனவொருமையைச் சிறிய ஓர் ஈயச்சன்னம் நாள்தோறும் பரீட்சித்துக் காட்டுகின்றது. நேற்றைய தாளை இன்றைய தாளோடு ஒப்பிட்டுத் தன்னைத் தானே வெல்வதே இதன் இன்பம்.

இக்கலை குடாநாட்டில் தழைக்கவேண்டின் இரண்டு தடைகளைக் கருதல் வேண்டும். 0.22 சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. அதனைத் தடுத்து ஏற்கும் மலையோ மேடோ இங்கில்லை. சமதரையும் நெருங்கிய குடியிருப்புமே உள. எனவே, தக்க மண்ணணையுடைய சுடுகளத்திலன்றி வளவிலோ வயலிலோ அதனைப் பயன்படுத்தல் ஒருபோதும் ஆகாது. காற்றுத் துவக்குக்கோ பத்து மீற்றர் நீளமுள்ள மண்டபமும், சன்னத்தை ஏற்கும் பெட்டியும் போதும். எனினும் கண்ணுக்குக் காப்பணிதலும், ஈயந் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவு கொள்ளுதலும் வேண்டும். அடுத்தது சட்டம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இலங்கையில் அனுமதியின்றிச் சுடுகலன் வைத்திருத்தலை விலக்குகின்றது. காற்றுத் துவக்காயினும் உரிய அதிகாரிகளை வினவியறிந்த பின்னரே வாங்குதல் முறை. தனியே வாங்கி வீட்டில் வைத்தலினும், அங்கீகாரம் பெற்ற கழகத்தில் பயிற்றுநரின் கண்காணிப்பிற் பயிலுதலே செலவுக்கும் பாதுகாப்புக்கும் நன்று.

சென்னையிற் பிறந்த ககன் நரங் 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது பத்து மீற்றர்க் காற்று றைபிளிலேயாம். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில், மகளிருக்கான அதே போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும், கடலூரிற் பிறந்து இந்தியாவுக்காகச் சுட்ட இளவேனில் வாலறிவனும் பங்குபற்றினர். அம்மங்கையர் கையிலிருந்ததும் துவக்கே; அவர்தம் எதிரே இருந்ததோ அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. துவக்கென்ற சொல்லுக்கு இப்பொருளும் உண்டென்பதை நம் இளைஞர் அறிதல் நன்று.