வகுப்பு இணையதளம் யாருக்காக?

நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை அனுசரித்து வந்த புதுச்சேரி அரசுப் பள்ளிகளில், ஆரம்ப வகுப்புகளுக்கு முன்பே வந்துவிட்ட சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் 2023-24ஆம் கல்வியாண்டு முதல் மேல் வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. தாம் படித்த பாடம் வேறு, பிள்ளை படிக்கும் பாடம் வேறு என்றாகிவிட்ட நிலையில், மாலையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முற்படும் தாய் தந்தையர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்குவது இயற்கையே. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய காரியங்களுள், தம் வகுப்புக்கென்று ஓர் இணையதளம் அமைப்பது மிகவும் பிரயோஜனமானது. கூகுள் சைட்ஸ் போன்ற இலவச சாதனங்கள் இருப்பதால் இதற்குப் பணச் செலவும் இல்லை, கணினி நிபுணரின் தயவும் வேண்டியதில்லை. ஆயினும், இது யாருக்காக என்ற பிரதானமான கேள்விக்கு விடை காணாமல், முகப்புக்கு எந்தப் படம், எந்த வர்ணம் என்பதில் தொடங்கினால், அத்தனை உழைப்பும் வீணாகும்.

இந்தக் கேள்வியின் அருமையை உணர்த்த, பிரெஞ்சுத் தொடர்பு நிறைந்த நம் ஊரார் அறியத்தக்க உபாத்தியாயர் ஒருவர் உண்டு. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச இயலாதவராகத் திரும்பிய செலஸ்தேன் ஃப்ரெனே, தென் பிரான்சின் பார்-சூர்-லூ என்னும் சிற்றூர்ப் பள்ளியில் 1924-இல் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, பிள்ளைகள் தாங்களே எழுதியதைத் தாங்களே அச்சுக் கோத்துப் பிரசுரிக்கும்படி செய்தார். அந்தப் பிரசுரங்கள், வடமேற்கே பிரிட்டானிப் பிரதேசத்தில் ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் பள்ளிக்குத் தபாலில் சென்றன. அங்கிருந்தும் பிள்ளைகளின் எழுத்துக்கள் வந்தன. படிக்கப்போகிறவர் இன்னார் என்று தெரிந்திருந்ததனால்தான் அந்தப் பிள்ளைகளின் எழுத்துக்கு உயிர் இருந்தது என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊருக்கு வருவோம். குருசுக்குப்பத்தில் ஒரு சிறுமி காய்ச்சலில் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ள ஒரே கைபேசி தகப்பனாரிடம் இருக்கிறது. அவர் கடலுக்குப் புறப்படுமுன் கிடைக்கும் கால்மணி நேரத்தில் தாய் வகுப்பின் தளத்தைத் திறக்கிறாள். ஆண்டு விழாப் படங்களும் தலைமையாசிரியர் வாழ்த்துரையும் மெல்ல மெல்ல வந்து நிரம்புகின்றனவே தவிர, விட்டுப்போன பாடம் என்னவென்று எங்கும் காணோம். அவளுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: பாடப் புத்தகத்தின் பக்க எண்கள், அழிக்குமுன் எடுத்த கரும்பலகையின் ஒரு புகைப்படம், ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு எளிய தமிழில் பொருள், நாளைக்குக் கொண்டுவர வேண்டிய நோட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெற்றோர்க்கு ஆசிரியரின் குரலில் ஒரு நிமிஷ விளக்கமும் இருந்துவிட்டால் உத்தமம். இதற்கு வாட்ஸ்அப் குழு போதாதா எனலாம். காலை வணக்கங்களுக்கும் ‘நன்றி டீச்சர்’களுக்கும் அடியில் புதைந்துபோன செவ்வாய்க்கிழமைப் பாடத்தை வெள்ளிக்கிழமை தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பிள்ளைகளின் ஓவியங்களையும் கட்டுரைகளையும் உலகறியச் செய்வதும், சக ஆசிரியர்களுக்குத் தம் வினாத்தாள்களை வழங்குவதும் நல்ல நோக்கங்களே. ஆனால், மாணவர் ஆக்கங்களுக்கான தளம் படங்களால் கனக்கும். ஆசிரியர்களுக்கான தளம் பெற்றோருக்கு விளங்காது. மூன்றையும் ஒன்றில் திணிக்க முற்பட்டால் மூவருமே வெறுங்கையோடு திரும்புவார்கள். படங்களைப் பொறுத்தவரை வேறொரு விஷயமும் உண்டு: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வற்புறுத்துகிறது. பாடத்தை நினைவூட்டும் தளத்துக்குக் குழந்தையின் முகமோ பெயரோ தேவையே இல்லை.

ஆகவே, தளம் அமைக்க எண்ணும் ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள்: முதலில் உங்கள் வகுப்பின் பெற்றோர் சிலரை அழைத்து, எந்த வேளையில், யாருடைய கைபேசியில், எதைத் தேடுவீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதிலிருந்து தளத்தின் உத்தேசத்தை ஒரே வாக்கியமாகத் தமிழில் எழுதி, அதையே முதல் வரியாகப் பதிப்பித்துவிடுங்கள். அந்த வாக்கியத்துக்கு உட்படாத எதையும், எவ்வளவு அழகாக இருப்பினும், தயவுசெய்து அதில் சேர்க்காதீர்கள்.