நீலமலையில் ஒரு கல் பங்களா

கல்லுக்குப் பஞ்சமான ஊர் நம் நாகப்பட்டினம். காவிரி சேர்த்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலுமே நம் நிலம். அம்மிக் கல் கூட வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே, கோடை விடுமுறையில் பெற்றோருடன் உதகமண்டலம் சென்ற நான், அங்குள்ள ஓட்டல்களையும் படகுத் துறையையும் விடக் கல் பங்களாவைக் கண்டே வியந்தேன் என்றால் தோழியர் சிரிக்க வேண்டாம்.

அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ள இவ்வீடுதான் உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு. கட்டியவர் ஜான் சல்லிவன். கோயமுத்தூர் கலெக்டரான அவர் 1819-ஆம் ஆண்டு நீலகிரி மீது ஏறினார். இரயில் ஏது, பேருந்து ஏது? மலை இரயில் உதகையை எட்டியதே 1908-இல்தான். 1822-இல் வீட்டு வேலை தொடங்கிற்று. நிலம் தோடர் மக்களுடையது. ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினாராம்!

தோடர்கள் அந்நாளில் இத்தகைய கல் வீடு கட்டியதில்லை. மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றைக் கொண்டு, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போல் குடிசை அமைத்தனர். அதன் வாயிலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டியிருந்தது. குளிர் காற்று உள்ளே புகாதிருக்க அதுவே நல்ல வழி. அவர்களுக்கு இந்த உயர்ந்த கற்சுவர் எவ்வளவு விந்தையாக இருந்திருக்கும்! ஆனால் ஊரின் பெயரிலேயே ஒரு கல் உண்டு. தோடர் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். ‘ஒத்தைக்கல் மந்து’ என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்பர் சிலர்.

வீட்டை அடுத்து, ஓடை நீரைத் தடுத்து ஏரியும் அமைத்தார் சல்லிவன். பின்னர் ஆங்கிலேயர் ஒவ்வொருவராக வந்தனர். நாளடைவில் உதகை, சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகரமே ஆயிற்று. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளி சுருங்கியது.

வரப்பு ஒரு சாண் நகர்ந்தாலே பஞ்சாயத்துக் கூடும் நெல் நாட்டில் பிறந்தவள் நான். அந்த ஒரு ரூபாய்க் கணக்கு எனக்குச் செரிக்கவில்லை. ஆயினும், மலை நிலம் தோடருக்கே உரியது என்று தம் அரசாங்கத்துடனேயே வாதாடியவரும் இதே சல்லிவன்தான். வழியைத் திறந்தவரும் அவரே, தடுக்க நின்றவரும் அவரே! அவரைப் புகழ்வதா, குறை கூறுவதா என்று அப்பாவைக் கேட்டேன். “இரண்டையும் எழுது” என்றார்.

பணி முடிந்து சல்லிவன் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய மனைவியும் மகளும் உதகை புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர்.