சோற்றுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டு!

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கி, வெயில் ஏறி வீடு திரும்பும்போது வயிறு என்ன பாடு படும் என்பது தோட்டத்தில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கை கால் கழுவியதும் கண் அடுப்படியைத்தான் தேடும். சோறு வெந்திருக்காது; குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். அந்த அரைமணி நேரத்தில் கைக்கு அகப்படுவது எது? கட்டிப்பால் ஊற்றிய தேநீர், நான்கு பிஸ்கட், பட்டணத்திலிருந்து வாங்கி வந்த கறிபாப், மிஞ்சினால் இரண்டு வாழைப்பழப் பொரியல். அதன் பிறகு மலைபோல் சோறு.

தாய்மார்களே, இன்று நாம் பேசப்போவது அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான். அந்த நேரத்தில் பிஸ்கட் தட்டுக்குப் பதிலாக, மீனும் காய்கறியும் வைத்த ஒரு சின்னத் தட்டை நீட்டினால் என்ன? செலவும் பெரிதல்ல, வேலையும் பெரிதல்ல. ஆனால் அதில் கிடைக்கும் நன்மை பெரிது.

நம் வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளி

இனிப்பு நீர் இல்லாத குடும்பம் நம்மவர்களில் இன்று எத்தனை உண்டு? விரல் விட்டு எண்ணிவிடலாம். மலேசிய சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு எடுத்த தேசிய உடல்நல ஆய்வில், நாட்டில் நூறு பெரியவர்களில் ஏறத்தாழ 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நூற்றுக்கு 31. அதாவது மூன்று பேர் கூடி நின்றால், அவர்களில் ஒருவருக்கு!

இது வெறும் கணக்கு அல்ல. இனிப்பு நீர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். செம்பனை மட்டையின் முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. முள் இருந்த இடம் புண்ணாகி, புண் அழுகி, விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். சிறுநீரகம் பழுதானால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போய் வரும் அலைச்சல் வேறு. உழைத்துப் பிழைக்கும் குடும்பம் இதைத் தாங்குமா?

சோறு என்ன குற்றம் செய்தது?

சோற்றைக் குறைகூற நமக்கு மனம் வராது. அதற்குக் காரணமும் உண்டு. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் ஆட்சியில் நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். பஞ்சம் பார்த்தவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு என்றால் அதுவே வாழ்வு. வீட்டுக்கு வந்தவரிடம் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது.

அன்று பால்வாளியைச் சுமந்து மலை ஏறி இறங்கியவர்களின் உடம்பு அந்தச் சோற்றை எரித்துவிட்டது. இன்று பலருக்கு வேலை மாறிவிட்டது. பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய், தொழிற்சாலையில் நின்றும் அலுவலகத்தில் உட்கார்ந்தும் வேலை செய்கிறார்கள். வேலை மாறியது, தட்டு மட்டும் மாறவில்லை. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று கோப்பை போட்டுக்கொண்டால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மாவுச்சத்து வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது.

மீனில் மாவுச்சத்து இல்லை. வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், வெண்டைக்காய், பயிற்றங்காய் முதலியவற்றில் நூறு கிராமுக்குப் பத்து கிராமுக்கும் குறைவாகவே இருக்கிறது. அவற்றின் நார்ச்சத்து வயிற்றை நிரப்பும். மீனின் புரதம் பசியை நெடுநேரம் அடக்கி வைக்கும்.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். இனிப்பு நீர் உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில். கோழியும் காய்கறியும் கால்மணி நேரம் கழித்து. இன்னொரு நாள் அதையே தலைகீழாக. கோழியும் காய்கறியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பார்த்த இரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 37 பங்கு குறைவாக இருந்தது. உணவு அதேதான், வரிசைதான் வேறு! பதினோரு பேரை வைத்துச் செய்த ஆய்வுதான் என்றாலும், நம் அடுப்படியில் செய்து பார்ப்பதற்கு அது ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது.

இனி அடுப்படிக்குப் போவோம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அளவு சொல்லியிருக்கிறோம்.

1. கெம்போங் மீன் வடை

வடை என்றதும் பருப்பைத் தேடாதீர்கள். இதில் பருப்பும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை.

தேவையானவை: நடுத்தரமான கெம்போங் மீன் 3, மிகப் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் 2 கோப்பை, சின்ன வெங்காயம் 8, பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு சிறு துண்டு, முட்டை 1, மிளகுத்தூள், சோம்புத்தூள் தலா அரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய்.

செய்முறை: மீனைக் கழுவி, மஞ்சளும் சிறிது உப்பும் தடவி, பத்து நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். ஆறியதும் முள் எடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, பிறகு இரண்டு கைகளாலும் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். இதுதான் முக்கியம். தண்ணீர் தங்கினால் வடை உடைந்துபோகும். வெங்காயம், மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக அரிந்து சேர்த்து, தூள்களைப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிப் பிசையுங்கள். சிறு வடைகளாகத் தட்டி, தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு மிதமான தீயில் வேக வையுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை தொடாதீர்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் பிய்ந்துவிடும். பன்னிரண்டு வடை வரை வரும்.

2. வெள்ளரிக்காய் மேல் சாடின்

அடுப்பே வேண்டாம். மீன்காரர் வராத நாளுக்கும், சம்பளத்துக்கு முந்திய வாரத்துக்கும் ஏற்றது.

தேவையானவை: சிறிய சாடின் டின் 1, வெள்ளரிக்காய் 2, பெரிய வெங்காயம் பாதி, சிலி பாடி 2, கஸ்தூரி எலுமிச்சை 2, கொத்தமல்லித் தழை.

செய்முறை: டின்னில் உள்ள தக்காளிச் சாற்றை வடித்துவிடுங்கள், அதில் சீனியும் உப்பும் சேர்ந்திருக்கும். மீனை முள்ளோடு மசியுங்கள். அந்த முள் மெத்தென்று வெந்திருக்கும். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அதில்தான் இருக்கிறது. வெங்காயம், மிளகாய், தழை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து சேர்த்து எலுமிச்சையைப் பிழியுங்கள். உப்புப் போட வேண்டாம். வெள்ளரிக்காயை அரை அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு தேக்கரண்டி சாடினை வையுங்கள். பிஸ்கட் இருந்த இடத்தில் வெள்ளரிக்காய் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்!

3. கோஸ் இலையில் மீன் புட்டு

சுறாப் புட்டு நமக்குப் புதியதல்ல. பிள்ளை பெற்ற தாய்க்குப் பாட்டிமார் செய்து கொடுத்த பத்தியச் சமையல்தான். சுறாவைத் தேடி அலைய வேண்டாம்; செலார் மீனில் செய்யலாம், செஞ்சாருவிலும் செய்யலாம்.

தேவையானவை: மீன் அரைக் கிலோ, பயிற்றங்காய் 8, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், இஞ்சி, பச்சை மிளகாய் 3, துருவிய தேங்காய் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள், மஞ்சள் தூள், கடுகு, கறிவேப்பிலை, முழு முட்டைக்கோஸ் இலைகள் 8.

செய்முறை: மீனை மஞ்சளோடு வேக வைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு தாளித்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலையை வதக்குங்கள். மிகச் சிறியதாக அரிந்த பயிற்றங்காயைப் போட்டு, பாதி வெந்ததும் மீனையும் உப்பையும் சேருங்கள். தீயைக் குறைத்து, உதிரி உதிரியாகும்வரை கிளறுங்கள். மிளகும் தேங்காயும் தூவி இறக்குங்கள். கோஸ் இலைகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் வளைந்து கொடுக்கும். இலைக்கு இரண்டு மேசைக்கரண்டி புட்டு வைத்துச் சுருட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் பொப்பியா என்று நினைத்துக் கேட்டு வாங்கித் தின்பார்கள்.

4. வாழையிலை மீன்

மூவார் பட்டணத்தில் பேர்பெற்ற ஒத்தாக்-ஒத்தாக் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நம் தோட்டத்து முருங்கைக்கீரையோடு சேர்த்துச் செய்வோம்.

தேவையானவை: முள் நீக்கிய மீன் சதை 300 கிராம், ஊறவைத்த காய்ந்த மிளகாய் 6, சின்ன வெங்காயம் 6, செரைத் தண்டு 1, மஞ்சள் தூள், கெட்டித் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டி, முட்டை 1, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, வாழையிலை.

செய்முறை: மிளகாய், வெங்காயம், செரை, மஞ்சள் நான்கையும் அம்மியில் நைய அரையுங்கள். மீன் சதையைக் கொத்தி, அரைத்ததையும் பாலையும் முட்டையையும் உப்பையும் சேர்த்து ஒரே பக்கமாகக் கலக்குங்கள். கீரையைச் சேருங்கள். வாழையிலையை நெருப்பில் வாட்டி, சாண் நீளத் துண்டுகளாக்கி, நடுவில் மீனைப் பரப்பி மடித்து, ஈர்க்குச்சியால் இரு முனைகளையும் குத்திவிடுங்கள். தோசைக்கல்லில் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வாட்டினால் போதும். மணமே ஆளைக் கூப்பிடும்.

ஏமாந்துவிடாதீர்கள்!

மீன் என்று பெயர் இருப்பதெல்லாம் மீன் ஆகாது. இரவுச் சந்தையில் விற்கும் கெரொப்போக் லெக்கோரில் மீனோடு சவ்வரிசி மாவும் கலந்திருக்கிறது. கடையில் வாங்கும் மீன் உருண்டையிலும் மாவு உண்டு. பஜ்ஜி போட்டால் கத்தரிக்காயைவிடக் கடலைமாவும் எண்ணெயும்தான் அதிகம் உள்ளே போகும். சில்லி சாஸில் சீனி இருக்கிறது. அதற்குப் பதில் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் இடித்த சம்பால் வையுங்கள். நெத்திலியும் கருவாடும் சேர்ப்பதானால் வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அவற்றை அளவோடு வைத்துக்கொள்வதே நல்லது. இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்பால் தேநீர் வந்து உட்கார்ந்தால் செய்த வேலை வீண். ஒரு மேசைக்கரண்டி கட்டிப்பாலில் ஏறத்தாழ பத்து கிராம் சீனி இருக்கிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரே நாளில் சோற்றை அடியோடு நிறுத்தக் கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கிக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். ஊசி போடுபவர்கள் சோற்றைத் தள்ளிப்போடுவதோ குறைப்பதோ அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடமோ தாதியிடமோ கேட்ட பிறகுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மீனின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது முள்ளை இரண்டு தடவை பாருங்கள்.

சண்டை வேண்டாம்

“சோற்றைக் குறைத்துச் சாப்பிடுங்கள்” என்று சொன்னால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். மாமியாருக்கு வருத்தம் வரும். அதனால் ஒன்றும் சொல்லாதீர்கள். வேலை விட்டு வந்தவர் முன்னால் நான்கு வடையையோ இரண்டு இலை மீனையோ வைத்துவிடுங்கள். பேசிக்கொண்டே சாப்பிடட்டும். கால்மணி நேரம் கழித்துச் சோற்றை எடுத்து வையுங்கள். மூன்று அகப்பை கேட்டவர் இரண்டோடு நிறுத்துவார். சில வாரம் போனால் ஒன்றே போதும் என்று கையைக் காட்டினாலும் வியப்பதற்கில்லை.

சுகாதார அமைச்சு சொல்லும் ‘கால், கால், அரை’ என்ற கணக்கும் இதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். அந்தக் கணக்கைச் சோற்றுக்கு முன்னாலேயே தொடங்கி வைக்கிறது நம் சின்னத் தட்டு.

சோறு போட்டு வளர்த்த கை நம் கை. அதே கை இன்று சோற்றுக்கு முன்னால் ஒரு வெள்ளரிக்காய் வட்டத்தை நீட்டினால் அன்பு குறைந்துவிடாது. நாளை மீன்காரர் ஹார்ன் அடிக்கும்போது இரண்டு கெம்போங் கூடுதலாக வாங்கி வையுங்கள். வீட்டு ஆண்களின் காலும் கண்ணும் நல்லபடி இருக்கட்டும். கூடவே உங்களுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்!