நிறத்தை அளத்தல்: டிஜிட்டல் படங்களின் பயனும் எல்லையும்

ஐரோப்பாவில் வாழும் 'புளூ டிட்' என்னும் சிறுபறவையின் ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஆணின் நீல உச்சிக்கொண்டை பெண்ணுடையதைவிட மிகுதியான புறஊதா ஒளியைப் பிரதிபலிக்கிறது என்பதை 1998-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் நிறுவின. நமக்குப் புலப்படாத இவ்வேறுபாடு அப்பறவைகளுக்குப் புலப்படுகிறது. எனவே, விலங்குகளின் நிறத்தை ஆராய்வதற்கு மனிதக் கண்ணை அளவுகோலாகக் கொள்ள இயலாது.

கேமராவும் தன்னளவில் அளவுகோல் ஆகிவிடாது. அது மனிதக் கண்ணுக்கு இனிய படத்தைத் தருவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வெண்மையைத் தானே சரிசெய்கிறது. ஒளி இருள் வேறுபாட்டை மாற்றுகிறது. கோப்பைச் சுருக்கும்போது நுண்விவரங்களை இழக்கிறது. காலையிலும் மாலையிலும் எடுத்த படங்களை அப்படியே ஒப்பிட்டால், வெயிலின் மாற்றத்தை வண்ணத்துப்பூச்சியின் மாற்றமாக எண்ணிவிடுவோம். நிறம் அதன்மீது விழும் ஒளியைப் பொறுத்து வேறுபட்டுத் தோன்றுவதை, 11-ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆராய்ந்துள்ளார்.

இதற்குத் தீர்வு என்ன? முதலாவதாக, கேமரா திருத்தாத 'ரா' எனப்படும் மூலக்கோப்பாகப் படத்தைச் சேமிக்க வேண்டும். அதில் பதியும் எண்கள் விழுந்த ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைகின்றன. இரண்டாவதாக, பிரதிபலிப்பு அளவு தெரிந்த சாம்பல்நிற அட்டையொன்றை உயிரினத்தின் அருகே, அதே ஒளியில் வைத்துப் படமெடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அட்டை 40 விழுக்காடு ஒளியைப் பிரதிபலிப்பது என்போம். காலைப் படத்தில் அட்டையின் எண் 8000, சிறகின் எண் 4000 எனில், சிறகின் பிரதிபலிப்பு 20 விழுக்காடு. மாலையில் அவை 4000, 2000 எனக் குறைந்தாலும் விடை மாறுவதில்லை. மினுமினுக்கும் இறகுகளின் நிறம் கோணத்திற்கேற்ப மாறுமாதலால், ஒளியும் கேமராவும் அமையும் கோணங்களையும் ஒரே சீராக வைத்தல் அவசியம்.

புறஊதாவைப் பதிவு செய்ய, கேமராவின் உணரிமீதுள்ள வடிகட்டியை நீக்கி, அவ்வொளியைக் கடத்தும் லென்ஸைப் பொருத்துகின்றனர். பின்னர் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஒன்றும் புறஊதாவில் ஒன்றுமாக இரு படங்கள் எடுக்கப்படுகின்றன. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூவகை, பறவைகளில் நால்வகை. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூண்டப்படும் என்பதை இப்படங்களிலிருந்து கணக்கிடலாம். இதற்கென டிராசியான்கோ, ஸ்டீவன்ஸ் ஆகியோர் 2015-இல் ஒரு கருவித்தொகுப்பை வெளியிட்டனர். 'இமேஜ்-ஜே' மென்பொருளில் இயங்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது.

நிறமாலைமானி ஒரு சிறு புள்ளியின் நிறத்தையே அளக்கும். படமோ புள்ளிகள், கோடுகள், அவற்றின் அமைப்பு ஆகிய அனைத்தையும் ஒருசேர அளக்க உதவுகிறது. ஆயினும், அளவு தெரிந்த பொருள் எதுவும் உடன் இடம்பெறாத படத்தைப் பின்னாளில் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க இயலாது. இன்று நாம் எடுக்கும் படங்கள், நாளை உயிரினங்களின் நிறமாற்றத்தை அறியச் சான்றாக வேண்டுமெனில், ஒரு சிறு சாம்பல் அட்டையை உடன்வைக்கும் வழக்கத்தை இன்றே மேற்கொள்ள வேண்டும்.