ஒற்றை ஒலியை இரட்டையாக்க முடியுமா?

கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அறையில் யாரோ கைதட்டுகிறார். எந்தப் பக்கத்திலிருந்து ஓசை வந்தது என்று உடனே சொல்லிவிடுவீர்கள் அல்லவா? நமக்கு இரண்டு காதுகள் இருப்பதன் பயன் இது. வலப்புறம் எழும் ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அடைய அது ஏறத்தாழ 20 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஆகவே தாமதம் 0.6 மில்லிநொடி அளவே. இந்தச் சிறு தாமதத்தையும், இரு காதுகளிலும் விழும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது.

இந்த உண்மையைப் பயன்படுத்துவதே ஸ்டீரியோ முறை. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். இடப்புறத்துக்கு ஒரு மின்சைகை, வலப்புறத்துக்கு வேறொரு மின்சைகை என இரண்டு தனித்தனிச் சைகைகள் இதற்குத் தேவை. இருபுறமும் ஒரே சைகையை அனுப்பினால் அது மோனோ.

அப்படியானால், மோனோவாகச் செய்யப்பட்ட பழைய கருவியிலிருந்து ஸ்டீரியோ பெற முடியுமா? புகழ்பெற்ற ஒரு விளையாட்டுக் கருவியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

ஐந்து குரல்கள்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதுவே 1985-இல் நின்டெண்டோ எண்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. அமெரிக்கக் கருவியின் பக்கவாட்டில் ஒலிக்கென்று ஒரே ஒரு துளைதான் உண்டு.

கருவியின் மூளை, ரிக்கோ நிறுவனம் செய்த 2ஏ03 என்ற 40 கால்கள் கொண்ட சில்லு. கணக்கிடுவதும் இசைப்பதும் அதன் வேலை. அதில் ஐந்து குரல்கள் உள்ளன. சதுர அலை எழுப்பும் குரல்கள் இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த ஓசைத் துணுக்குகளுக்கு ஒன்று. பெரும்பாலும் சதுர அலைகள் மெட்டைப் பாடும். முக்கோண அலை அடிநாதம் தரும். இரைச்சல் தாளம் போடும்.

இந்த ஐந்தும் கலந்து ஒரே கம்பியில் வெளிவருகின்றன. இங்கேதான் சிக்கல். இரண்டு எண்களைக் கூட்டினால் 10 வருகிறது என்று மட்டும் உங்களிடம் சொன்னால், அவை 6-உம் 4-உமா, 7-உம் 3-உமா என்று கூற முடியுமா? கூட்டல் நடந்த பிறகு தனி எண்களின் அடையாளம் மறைந்துவிடுகிறது. மின்சைகைகளுக்கும் இதே கதிதான்.

ஆகவே, ஒலித்துளையிலிருந்து வரும் கம்பியை இரண்டாகப் பிரித்து இரு ஒலிபெருக்கிகளில் இணைத்தால் இரு இடங்களில் மோனோ கிடைக்கும், அவ்வளவே. தாழ்ந்த சுருதிகளை ஒருபுறமும் உயர்ந்த சுருதிகளை மறுபுறமும் வடிகட்டி அனுப்புவோரும் உண்டு. அப்போது மெட்டு மேலிருந்து கீழே இறங்கும்போதெல்லாம் பாடுபவர் அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஓடுவதுபோல் தோன்றும்!

கூட்டலுக்கு முன்னே

நல்ல வேளையாக, கூட்டல் முழுவதும் சில்லுக்குள் நடந்துவிடுவதில்லை. சில்லின் முதற்காலில் இரு சதுர அலைகள் மட்டும் வருகின்றன. இரண்டாம் காலில் மற்ற மூன்றும் வருகின்றன. இவை வெளியே, அச்சுச்சுற்றுப் பலகையில் உள்ள மின்தடைகள் வழியாகத்தான் ஒன்று சேர்கின்றன. எனவே சேருமிடத்துக்கு முன்பே இரு கால்களிலிருந்தும் தனித்தனிக் கம்பிகள் எடுத்தால் இரண்டு வேறுபட்ட சைகைகள் கிடைக்கும். நேர்மின்னோட்டத்தைத் தடுக்க ஒவ்வொன்றிலும் ஒரு மின்தேக்கி வேண்டும். சைகை மெலிந்தது, ஆகவே பெருக்கியும் வேண்டும்.

இதைக் கேட்டவுடன் பற்றவைக்கும் கோலைத் தேடாதீர்கள்! நாற்பதாண்டுப் பழைய பலகையில் சூடு மிகுந்தால் செப்புத்தடம் பெயர்ந்துவிடும். அனுபவமுள்ளவர் துணையின்றி இதில் இறங்குதல் நல்லதன்று.

காது ஏற்குமா?

கம்பிகளை இணைத்தாயிற்று என்று கொள்வோம். மெட்டு இடப்புறம், அடிநாதமும் தாளமும் வலப்புறம். ஒலிபெருக்கிகளில் கேட்டால் இனிமைதான். ஹெட்போனில் கேட்டாலோ சிறிது நேரத்தில் காது சலித்துவிடுகிறது. ஏன்?

அலைநீளம் காண ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 110 ஹெர்ட்ஸ் அடிநாதத்துக்கு 340-ஐ 110-ஆல் வகுத்தால் சுமார் 3 மீட்டர் வருகிறது. இத்தனை நீண்ட அலையை 20 செ.மீ. தலை மறைக்க முடியாது. அது எளிதாக வளைந்து மறுகாதையும் அடையும். தொலைவிலிருந்து வரும் தாழ்ந்த ஒலி இரு காதுகளிலும் ஏறக்குறைய ஒரே வலிமையுடன்தான் விழும். ஒரு காதில் மட்டும் அடிநாதம் என்பது மூளை பழகாத நிலை.

பரிகாரம் எளிது. இடப்புறச் சைகையில் ஒரு பங்கை வலப்புறத்துக்கும், வலப்புறச் சைகையில் ஒரு பங்கை இடப்புறத்துக்கும் மின்தடை வழியே கலக்க வேண்டும். பிரித்ததை ஓரளவு மீண்டும் சேர்க்கும்போதுதான் காது அமைதி கொள்கிறது!

அடிநாதத்தை நடுவில் வைத்து, இரு சதுர அலைகளை இருபுறமும் நிறுத்துவதே சிறந்த அமைப்பு எனலாம். ஆனால் அவ்விரண்டும் சில்லுக்குள்ளேயே கூடிவிடுகின்றன. எந்தக் கம்பியாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. இக்கருவியைப் போலவே இயங்கும் கணினி நிரல்கள் இன்று உள்ளன. அவை ஐந்து குரல்களையும் தனித்தனியே கணக்கிடுவதால், அவற்றுள் சில ஒவ்வொரு குரலையும் விரும்பிய திசையில் வைக்க இடம் தருகின்றன. அதே நின்டெண்டோ 1989-இல் வெளியிட்ட கேம் பாய் கருவியில் ஒலிபெருக்கி ஒன்றே; எனினும் ஹெட்போனில் உண்மையான ஸ்டீரியோ கேட்கலாம். அதன் நான்கு குரல்களையும் இடம், வலம், இரண்டும் என்று பங்கிடும் வசதியைச் சில்லிலேயே அமைத்துவிட்டார்கள்.

இனி யாரேனும் மோனோவை ஸ்டீரியோவாக்கும் பெட்டி என்று ஒன்றை உங்களிடம் விற்க வந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: “இது சைகைகள் கூடுவதற்கு முன்னே எடுக்கிறதா, கூடிய பின்னே எடுக்கிறதா?” விடையைப் பொறுத்துப் பணத்தைக் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.