சீனர் சொல்லும் 'காற்று'

சிராங்கூன் சாலையில் 1910இல் தொடங்கிய குவாங் வாய் சியூ மருத்துவமனை, ஏழைகளுக்குச் சீன மூலிகை மருத்துவம் அளித்து வந்த பழைய நிலையங்களுள் ஒன்று. சீன மருத்துவர் மூட்டுவலியைப் 'பீ' என்பர். மூட்டுத் தேய்வும் இதனுள் அடங்கும். காற்று, குளிர், ஈரம் ஆகியவை உடலுட் புகுந்து ஓட்டத்தைத் தடுப்பதே காரணம் என்பது அவர்தம் கொள்கை. 'வாதம்' என்னும் சொல்லுக்கும் காற்றென்றே பொருள். ஆயினும் சித்த மருத்துவத்தின் வாதம் உடலினுள் இயல்பாகவே உள்ளது. சீனர் கூறும் காற்றோ புறத்தேயிருந்து தாக்குவது.

ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவோ எழுதிய நூலிற் காணும் 'துஹுவோ ஜிஷெங்' கஷாயம் இந்நோய்க்கு இன்றும் தரப்படுகிறது. சரக்குகள் 15. பெயரிலுள்ள ஜிஷெங் வேறொன்றுமன்று, மரத்தில் ஒட்டி வாழும் புல்லுருவிதான்! அதிமதுரமும் உண்டு, நாயுருவியின் இனமொன்றும் உண்டு.

பயன் யாது? வலி தணிந்ததாகச் சில ஆய்வுகள் கூறும். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். தேய்ந்த குருத்தெலும்பு மீள வளரும் என்பதற்குச் சான்றில்லை. இதிற் சேரும் தாங்குய் வேர், இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் வேகத்தை மிகுவிக்கக்கூடும். ஆதலின், உண்டுவரும் பிற மருந்துகளைப் பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கஷாயம் மெல்லவே வேலை செய்யும். ஒரே நாளில் வலி பறந்தால் ஐயுறுவதே தக்கது. மூட்டுவலிக்கென விற்ற மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்துள்ளது.